அமிர்தவள்ளி (1968)

ஆம்பூர்
20 ஜனவரி 2007

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே புனேயில் நீயும் உன் இருமலும் சுகமா?

நீ அனுப்பிய சிடி வந்துவிட்டது. தபால்காரர் அதை வளைத்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போயும் ஓடுகிறது. ஜேப்ரெஃப் என்று பெயர் வருகிறது. காசு கிடையாது, யாரும் காப்பி எடுக்கலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்றுகூடத் திறந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். அப்பா நம்பவில்லை. "சும்மா குடுக்கறான்னா அதுல இன்னாவோ இருக்கு" என்று கம்ப்யூட்டரைச் சுற்றிவந்து பின்பக்கம் எல்லாம் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது சரியா, பார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு. எழுதியவர், தலைப்பு, வருடம், பக்கம் என்று தனித்தனிக் கட்டம். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம், அதில் நம் இஷ்டத்துக்கு எழுதலாம். நீ கட்டுரை எழுதும்போது சீட்டின் பெயரைச் சொன்னால் போதும், கடைசிப் பக்கத்து ரெஃபரன்ஸ் பட்டியலை அதுவே போட்டுக்கொள்ளும். ஆக, நான் சீட்டுப் பிடிக்கிறேன். ஆனால் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் மாதிரி ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடமாட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வேலூர் சத்துவாச்சாரியில் நீ சொன்ன தண்ணீர் இலாகா ஆபீஸ் நூலகத்துக்குப் போனேன். அருணகிரி என்று ஓர் அட்டெண்டர். ஒரு ரிப்போர்ட்டைக் கேட்டால் முதல் தடவை "இல்ல" என்பார், இரண்டாம் தடவை "தெர்ல" என்பார், மூன்றாம் தடவை எழுந்து நிற்பார். அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார். இப்படிப் பதினோரு சீட்டு தேறியது. உன் ஆய்வால் என் ஓய்வு போனது.

ஃபைலை அனுப்ப ரஷீத் அஹமது பாய் பிரவுசிங் சென்டருக்கு அப்பாவும் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெண்பிள்ளை தனியாக இன்டர்நெட் பார்க்கக் கூடாதாம். இந்த இன்லண்டையும் ஒட்டாமல் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
சம்பளம் கேட்காத உன் டைப்பிஸ்ட்,
எப்சி

(சாந்தகுமார், மூன்று இடங்களில் ஒற்று விட்டிருந்தாள். திருத்திவிட்டேன். வேதம் வாசிக்கிறாயா? உன் கடிதத்தைச் சாயங்கால ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசிப்பேன், ஆகவே தெளிவாக எழுது. அப்பா.)

(முட்டை சாப்பிடு. அம்மா.)


புனே
8 பிப்ரவரி 2007

அன்பான எப்சிக்கும், அப்பா அம்மாவுக்கும்,

ஸ்தோத்திரம். இருமல் போய்விட்டது. முட்டை சாப்பிடுகிறேன்.

பதினோரு சீட்டும் கிடைத்தன. எங்கள் ஆய்வகத்தின் ஃபைலோடு சேர்த்துவிட்டேன். இங்கே ஐந்து பேருக்கும் ஒரே ஃபைல். ஒருவர் ஏற்றுவது எல்லாருக்கும் போகும். என் கைடு ஷர்மிளா மேடமும் அதிலிருந்துதான் எடுக்கிறார். மாதம் ஒரு முறை துறையின் இணையப் பக்கத்திலும் போட்டுவிடுவோம், எந்த ஊர் மாணவரும் இறக்கிக்கொள்ளலாம். யார் ஏற்றிய சீட்டோ அவர் பெயரும் மெயில் முகவரியும் அதிலேயே இருக்கும், உன்னுடையதும் சேர்த்து. ஆகவே விதி ஒன்றுதான். கையில் எடுத்துப் பார்க்காததை ஏற்றாதே.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தோல் தொழிற்சாலைகள் இவ்வளவு பெருகுவதற்கு முன்னால் நம் பக்கத்துக் கிணறுகளை யாராவது அளந்து எழுதியிருக்கிறார்களா? இன்றைக்குத் தண்ணீர் உப்பு என்று நான் காட்டிவிட்டேன். அது எப்போதுமே உப்பாக இருந்திருக்கலாமே என்று ஒருவர் எழுந்து கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஜூலைக்குள் அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் ஆம்பூரை விட்டுவிட்டு வேறொரு ஆற்றை எடுத்துக்கொள் என்கிறார் மேடம். அப்படியானால் இரண்டு வருஷ வேலை, வீடு வீடாகப் போய் மொண்டு வந்த நானூறு பாட்டில் தண்ணீர், எல்லாவற்றையும் கீழே கொட்ட வேண்டியதுதான்.

அன்புடன்,
சாந்தகுமார்


ஆம்பூர்
4 ஏப்ரல் 2007

அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். அனைவரும் சுகம். வெயிலும் சுகம், நாளுக்கு நாள் தேறிவருகிறது.

நீ கேட்டதை ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தேன். பின்வீட்டு கோவிந்தம்மாள், "எங்க கெணத்துத் தண்ணி அப்பல்லாம் இளநீ மாரி இருக்கும், ஒரே கொதில பருப்பு வெந்துடும்" என்றார். இப்போது அதே கிணற்றங்கரையில் உட்கார்ந்து டேங்கர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். சர்ச்சில் மணியடிக்கிற செக்ஸ்டன் அதையே சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார். கூட்டம் போட்டால் ஊரே எழுந்து சாட்சி சொல்லும், ஆனால் சீட்டில் ஏற்றுவதற்கு ஒரு வரி இல்லை. மேற்கோள் கேட்டால் எல்லாரும் கோள்தான் சொல்கிறார்கள்.

ஆனாலும் உன் தங்கை சும்மா இருப்பாளா? ஏப்ரல் முதல் தேதி, குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து, கையில் ஓலையோடு பாய் கடைக்குப் போய்ப் பதினாலு சீட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் அமிர்தவள்ளி அம்மையாருடைய சீட்டைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து இங்கே நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீரியல் படிக்கிற நீ ரியல், நான் டூப்பு.

கணக்கு மாதத் தேர்வுத் தாள்கள் இன்னும் கொடுக்கவில்லை. அப்பா வாசிப்பார் என்பதால் இன்னொரு தரம் எழுதுகிறேன். இன்னும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் நம்பிக்கைக்குப் பாத்திரமான, விளக்காத பாத்திரம்,
எப்சி

(மூன்று தேர்வு முடிந்தும் தாள் தராத பள்ளி எங்கே இருக்கிறது? விசாரிக்கிறேன். அப்பா.)


புனே
27 ஏப்ரல் 2007

அன்பான அப்பா, அம்மா, எப்சி மூவருக்கும்,

ஸ்தோத்திரம். இந்தக் கடிதத்தை அப்பா நின்றுகொண்டு வாசிக்க வேண்டும்.

எப்சி கண்டுபிடித்துவிட்டாள். கோ. அமிர்தவள்ளி, 'பாலாற்றோரத் திறந்த கிணறுகள்: ஓர் அளவாய்வு', 1968, ரோனியோ பிரதி, பக்கம் 41. மூன்று கிணறுகள். குளோரைடு லிட்டருக்கு 38, 41, 35 மில்லிகிராம். அதே இடத்தில் போன வருஷம் நான் அளந்தது இரண்டாயிரத்துக்கு மேல். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஷர்மிளா மேடம் சீட்டை இரண்டு தரம் படித்தார். பிறகு, அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாகக் கிணறு கிணறாகப் போய் அளந்திருக்கிறாள், அவள் பெயர் நமக்குத் தெரியாமலே போயிற்றே என்றார். அமிர்தவள்ளி உயிரோடு இருக்கிறாரா என்று தேடச் சொல்கிறார். குறிப்புக் கட்டத்தில் எப்சி எடுத்தெழுதிய 'பருப்பு ஒரே கொதியில் வெந்தது' என்ற வரியைக் கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறார். உப்பில்லாத தண்ணீருக்கு அதுதானே அடையாளம். கோவிந்தம்மாள் சொன்னதோடு எப்படிப் பொருந்துகிறது, பாருங்கள்.

இனி ஆம்பூரை விட வேண்டியதில்லை. ஆகஸ்ட் கருத்தரங்கில் என் கட்டுரை. எப்சி, பக்கம் 41ஐ மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
சாந்தகுமார்


ஆம்பூர்
19 மே 2007

அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உடம்புக்கு எல்லாருக்கும் சுகம்.

உன் கடிதத்தை அப்பா நின்றுகொண்டுதான் வாசித்தார். அம்மா டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நர்ஸ் உடுப்போடு உட்கார்ந்து அழுதார். மறு ஞாயிறு அப்பா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார், என் மகன் வேலையைக் கர்த்தர் என் மகள் கையால் காப்பாற்றினார் என்று. பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். எனக்குத் தலை கொஞ்சம் வலித்தது.

அமிர்தவள்ளி என்று அப்பா வாசித்தபோது அம்மா, "கோவிந்தம்மா மாட்டுக்கும் அதான பேரு" என்றார். நீ புனேவுக்குப் போன பிறகு வாங்கிய மாடு, உனக்குத் தெரிந்திருக்காது. அப்பா, நல்ல பேர் நாலு பேருக்கு இருக்கும் என்று மேலே வாசித்துக்கொண்டே போனார். எழுதத் தோன்றியது, எழுதினேன்.

ஜெராக்ஸ் உடனே கிடைக்காது. நூலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள். அருணகிரி மகள் பிரசவத்துக்கு அரக்கோணம் போயிருக்கிறார். அவர் வந்தால்தான் சாவி, சாவி வந்தால்தான் அலமாரி.

அடுத்த சனிக்கிழமை அனுப்புகிற ஃபைலில் அந்தச் சீட்டின் குறிப்புக் கட்டத்தைப் பார். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அதைப் பார்.

இப்படிக்கு,
எப்சி

(இவள் இந்தப் பக்கமெல்லாம் எழுத்துப் பிழையே விடவில்லை. ஆச்சரியம். அப்பா.)


(26 மே 2007 அன்று அனுப்பிய ஃபைலில், அமிர்தவள்ளி சீட்டின் குறிப்புக் கட்டத்தில்)

அண்ணா, அப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கிறார், ஹாலில் நான் மட்டும் இருக்கிறேன். இந்த இடத்தை அவருக்குத் திறக்கத் தெரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். இப்படி ஓர் அறிக்கை இல்லை. அமிர்தவள்ளி கோவிந்தம்மாளின் மாடுதான். 'கோ.' என்றது கோவிந்தம்மாளின் இனிஷியல். 38, 41, 35 என் கணக்கு மார்க். பருப்பு மட்டும் கோவிந்தம்மாள் சொன்னது. ஏப்ரல் முதல் தேதி என்பதால் செய்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டு அழித்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்பா சபையில் சாட்சி சொல்லிவிட்டார், இப்போது வாயைத் திறக்க முடியவில்லை. நீயே அழித்துவிடு. என்னைத் திட்ட வேண்டுமானால் இதே கட்டத்தில் திட்டு.


புனே
17 ஜூன் 2007

அன்பான எப்சிக்கு,

ஸ்தோத்திரம். நலம். இங்கே மழை பிடித்துவிட்டது.

ஃபைல் வந்தது, சேர்த்துவிட்டேன். நீ எழுதியதெல்லாம் புரிந்தது. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. ஜெராக்ஸ் பற்றி இனிக் கவலை வேண்டாம், மேடம் வேறு வழி பார்க்கிறார். அந்தச் சீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பிளஸ் டூ பாடத்தைக் கவனி.

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு டியூட்டி மாற்றிக் கொடுத்தார்களா?

அன்புடன்,
சாந்தகுமார்


ஆம்பூர்
15 ஜூலை 2007

மகா பெரிய மனசுள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். மூன்று தரம் எழுதினாலும் போதாது. அப்பா முழங்கால் தேவலை. அம்மாவுக்குப் பகல் டியூட்டி கிடைத்துவிட்டது. நான் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன், உன் கடிதம் வந்த அன்று ஐந்து தோசை தின்றேன். அம்மா எண்ணினார்.

உன் மாதிரி ஒரு வார்த்தை திட்டாமல் விடுகிற அண்ணன் இந்தத் தாலுகாவில் கிடையாது. கணக்கு மார்க்கும் வெளியே வந்துவிட்டது. அப்பா ஸ்கூலுக்கே போய் விசாரித்துவிட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, ஒரு பாரம் இறங்கியது, நீ இன்னொன்றை இறக்கினாய்.

இனி பார்க்காத எதையும் ஏற்றமாட்டேன். பார்த்ததைக்கூட இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவேன்.

இப்படிக்கு,
ஐந்து தோசை ஆராய்ச்சியாளர்,
எப்சி

(எந்த பாரம்? கேட்டால் சிரிக்கிறாள். அப்பா.)


புனே
3 செப்டம்பர் 2007

அன்புள்ள அப்பா அவர்களுக்கும், அம்மாவுக்கும், எப்சிக்கும்,

ஸ்தோத்திரம். நலம்.

கருத்தரங்கு முடிந்தது. அமிர்தவள்ளியின் அட்டவணையை மேடம் திரையில் காட்டியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். அந்தத் தண்ணீர் இலாகாவில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டில் நான் அந்த ஆபீஸில்தான் இருந்தேன், அப்படி ஓர் அம்மாவும் இல்லை, அப்படி ஓர் அளவாய்வும் நடக்கவில்லை என்றார். நடந்திருக்கிறது, என் மாணவனின் தங்கை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்று மேடம் சொன்னார். சத்துவாச்சாரிக்குப் போன் செய்தோம். அருணகிரி என்பவர் பதிவேடு முழுவதும் பார்த்து இல்லை என்கிறார்.

எப்சி, ஒரு வரி எழுது. பக்கம் 41ஐ நீ உன் கையில் வைத்துப் பார்த்தாயா, இல்லையா? உன் பதிலை வைத்துத்தான் மேடம் தன் பெயரில் அந்தப் பெரியவருக்கு எழுதப்போகிறார்.

சாந்தகுமார்


ஆம்பூர்
9 செப்டம்பர் 2007

அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சுகம்.

ஆம். பார்த்தேன்.

எப்சி

(சாந்தகுமார், என் எதிரே உட்கார்ந்து எழுதினாள். மார்க்கை மறைத்தாளே தவிர இந்த மாதிரி விஷயத்தில் என் பிள்ளை பொய் எழுதமாட்டாள். அருணகிரி எப்படிப்பட்டவர் என்று அவளே ஜனவரியில் எழுதியிருக்கிறாளே, மூன்று தடவை கேட்கச் சொல். உன் மேடம் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். நான் சபையில் சொன்ன சாட்சிக்கு நானே பொறுப்பு. அப்பா.)


ஆம்பூர்
10 செப்டம்பர் 2007

அண்ணா,

சுகமா என்று கேட்கக் கை வரவில்லை.

இது அப்பா வாசிக்காத முதல் கடிதம். டியூஷனுக்குப் போகிற வழியில் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடுகிறேன். நேற்றுப் போட்டது இதற்கு முன்னால் வந்துவிடும், அதை யாரிடமும் காட்டாதே.

உன் கடிதத்தை அப்பா வழக்கம்போல வாசித்தார். கேள்வி வந்ததும் நிறுத்தினார். பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "ஆமான்னு எழுதும்மா. இதுக்கு இன்னா யோசன?" என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று எழுத ஓர் எழுத்து கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். எழுத முடியவில்லை.

மே மாதமே சொன்னேனே, அண்ணா. அந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினேனே. மாடு, மார்க், எல்லாம். நீயும் புரிந்தது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாயே. அழித்துவிட்டாய் என்றுதான் இத்தனை நாள் தூங்கினேன். நீ எப்படி அதைத் திரையில் போட விட்டாய்? எனக்குப் புரியவில்லை.

நான் எழுதியது பொய். தண்ணீர் நன்றாக இருந்தது என்பது மட்டும் பொய்யில்லை, அது உனக்கும் தெரியும். பதில் எழுதுவதானால் ரஷீத் பாய் கடை விலாசத்துக்கு எழுது. பாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

எப்சி


புனே
14 அக்டோபர் 2007

எப்சிக்கு,

நலம்தான். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

உன் முதல் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. அதை மேடத்திடம் காட்டினேன், அப்பாவின் வரிகளையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்று மாலையே அந்தப் பெரியவருக்கு மேடம் எழுதிவிட்டார், கொஞ்சம் கடுமையாக. இரண்டாவது கடிதம் திங்கட்கிழமை வந்தது.

மே மாதம் நீ எழுதியதை நான் பார்க்கவே இல்லை. நீ ஒவ்வொரு தடவையும் முழு ஃபைலையும் அனுப்புவாய். அதைச் சேர்க்கும்போது, இந்தச் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது, பழையதை வைக்கவா, புதியதை வைக்கவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். நாற்பது தடவை கேட்டது. பழையது, பழையது என்று அழுத்திக்கொண்டே போனேன். நீ எழுதியது அதில் ஒன்றாகப் போயிருக்கிறது. குறிப்புக் கட்டத்தைப் பார் என்று நீ எழுதியதும் நினைவிருந்தது. பார்த்தேன். பழைய சீட்டில் பருப்பு வெந்தது என்றுதான் இருந்தது, நீ அதைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். புரிந்தது என்று நான் எழுதியது சாவி கிடைக்காததை.

மேடம் என்னைத் திட்டவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டாவது கடிதம் எழுதினார். கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். கரும்பலகையில் இருந்ததை அவரே அழித்தார். ஆம்பூர் போயிற்று. டிசம்பரிலிருந்து எனக்கு வேறு ஆறு. பெயரை இன்னும் சரியாக உச்சரிக்க வரவில்லை. நம் தண்ணீர் பாட்டில்களை லேப் அட்டெண்டர் கழுவி அடுக்கிவிட்டார், அவருக்கு ரேக் வேண்டுமாம்.

எங்கள் ஃபைலிலிருந்து சீட்டை எடுத்துவிட்டேன். ஆனால் ஏப்ரலிலிருந்து அது இணையப் பக்கத்தில் இருந்திருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் பேர் இறக்கியிருக்கிறார்கள். யார் யார் என்று தெரியாது. திறந்து வைத்தது அதற்குத்தானே. இங்கே அழித்தால் அங்கே அழியாது.

தண்ணீர் நன்றாக இருந்தது எனக்கும் தெரியும். கோவிந்தம்மாள் நாக்கை ரெஃபரன்ஸ் என்று போட முடியாது, எப்சி. இனி யார் வந்து சொன்னாலும், அந்த ஆம்பூர்க் கதையா என்பார்கள்.

அப்பாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். நான் சொல்லமாட்டேன்.

சாந்தகுமார்


ஆம்பூர்
22 டிசம்பர் 2007

அன்பான அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அம்மா சுகம். அப்பா நடமாடுகிறார்.

நவம்பர் முதல் வாரம் ஜெபம் முடிந்ததும், இன்றைக்கு நான் வாசிக்கிறேன் என்று சொல்லி உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். முழுவதும்.  முடிந்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பாஸ்டர் வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, ஏப்ரலில் நான் சொன்ன சாட்சி சரியில்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் சொன்னது மேயில்தான், ஏப்ரலில் இல்லை. அதைத் திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, "கெளம்பு" என்றார். சத்துவாச்சாரிக்கு. ஐந்து சனிக்கிழமை போனோம். அருணகிரி எங்களைப் பார்த்ததும், "அந்தம்மா ரிப்போர்ட்டுதான? இல்ல சார்" என்றார். அப்பா, அது வேண்டாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்றார். பதிவேட்டில் ஏறாத கட்டுகள் மாடிப்படிக்குக் கீழே சாக்கில் கிடந்தன. அப்பா முழங்காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்.

போன வாரம் கிடைத்தது. நிஜமான ஒன்று. 1971, ரோனியோ, ஆற்றோரக் கிணறுகள்தான். பொய்யில் நான் வைத்த தலைப்புக்கும் இதன் தலைப்புக்கும் இரண்டு வார்த்தைதான் வித்தியாசம். நெமிலிப் பக்கம் பதினெட்டுக் கிணறு, அரக்கோணத்தில் ஒன்பது, வேலூரில் பன்னிரண்டு, எல்லாம் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஆம்பூருக்கு நேரே நம்பர் இல்லை. ஒரு வரிதான். அப்பா அதை உன் கடிதங்களை வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். "ஜீப்பு பழுதானதால் இப்பகுதிக் கிணறுகள் அளக்கப்படவில்லை."

பக்கம் 63. கையில் வைத்துப் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சீட்டும் போட்டு அனுப்பினேன், இணையப் பக்கத்தில் நீ ஏற்றியதைப் பார்த்தேன். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்று காலை பாய் கடையில் எனக்கு ஒரு மெயில் வந்திருந்தது. ஜான்சன் என்று ஒருவர், தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். செய்கிறார். அமிர்தவள்ளி (1968) பக்கம் 41இன் நகல் வேண்டுமாம், சீட்டில் என் முகவரி இருந்ததாம். அப்பா பக்கத்தில் இருந்தார். நான் மறைக்கவில்லை. ஐயா, அப்படி ஓர் அறிக்கையே இல்லை, நான் விளையாட்டாக ஏற்றியது, அமிர்தவள்ளி என்பது ஒரு மாடு, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அவர் அங்கே மெஷின் முன்னாலேயே இருந்திருக்கிறார், பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. "பரவாயில்லை சிஸ்டர். நகல் இல்லேன்னா விடுங்க. ஏற்கெனவே ரெண்டு கட்டுரைல வந்திருக்கு, அதைப் பாத்தே போட்டுக்கறேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "இல்லேன்னு எழுதும்மா" என்றார். எழுதினேன். காத்திருந்தோம். பதில் வரவில்லை. "இன்னொரு வாட்டி எழுது" என்றார். அதையும் எழுதினேன். என் பெயர், வகுப்பு, வீட்டு விலாசம் எல்லாம் போட்டு எழுதினேன். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஷீத் பாய் வந்து, அரை மணி முடிந்துவிட்டது, வெளியே ஆள் நிற்கிறது என்றார்.

எப்சி